உடம்பு போடும் கணக்கு: ஆக்கநிலையுறுத்தல் பற்றி ஓர் எளிய அறிமுகம்

சில வருடங்களுக்கு முன்பு எனக்கு மிகவும் பிடித்த ஒரு புல்லாங்குழல் இசையை அலாரமாக வைத்தேன். வேலை நெருக்கிய காலம் அது. விடியற்காலை நாலரைக்கு எழ வேண்டும். எழுவதுதான் எழுகிறோம், இனிமையாக எழலாமே என்ற ஆசை. ஏழெட்டு மாதம் அப்படியே ஓடியது. அப்புறம் ஒரு நாள் மாலை, நண்பர் வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது அவருடைய ஸ்பீக்கரில் அதே இசை வந்தது. முதல் இரண்டு சுரம் காதில் விழுந்ததுமே வயிற்றுக்குள் ஏதோ இறுகியது. நெஞ்சு படபடத்தது. அலாரத்தை அணைக்கப் போவதுபோல் வலது கை சோபாவின் ஓரத்தைத் துழாவியது. இது அலாரம் இல்லை, மணி மாலை ஆறு என்று எனக்கு நன்றாகவே தெரியும். உடம்புக்குத்தான் தெரியவில்லை.

இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, நானும் உட்கார்ந்து படிக்கவில்லை. ஆனாலும் நான் ஒன்றைக் கற்றிருக்கிறேன். இவ்விதக் கற்றலைத்தான் உளவியலில் ஆக்கநிலையுறுத்தல் என்கிறார்கள். நிபந்தனைப்படுத்தல் என்றும் எழுதுவதுண்டு. இரண்டாவது சொல்தான் எனக்குப் பிடிக்கும். இந்தத் துறைக்கு அடித்தளம் போட்ட இவான் பாவ்லோவ் ரஷ்ய மொழியில் பயன்படுத்திய சொல்லுக்கும் ‘நிபந்தனைக்கு உட்பட்ட’ என்பதே பொருள். தூசி பட்டால் கண் இமைப்பது பிறவியிலேயே வந்தது, அதற்கு நிபந்தனை கிடையாது. குழல் கேட்டால் என் வயிறு இறுகுவது அப்படியல்ல. அதற்குப் பின்னால் ஏழெட்டு மாத விடியற்காலைகள் இருக்கின்றன.

பாவ்லோவ் உளவியலாளர் அல்லர், உடலியங்கியல் அறிஞர். 1904-இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசும் செரிமானத்தைப் பற்றிய ஆய்வுகளுக்குத்தான். நாயின் கன்னத்தில் சிறிய அறுவை செய்து, எச்சில் சுரப்பியின் குழாயை வெளிப்பக்கம் திருப்பிவிட்டு, எந்த உணவுக்கு எவ்வளவு எச்சில் ஊறுகிறது என்று சொட்டுச் சொட்டாக அளந்துகொண்டிருந்தார். அந்த அளவீட்டில் ஒரு தொல்லை வந்தது. ஆய்வகத்துக்குப் பழகிய நாய்கள் உணவு வாய்க்கு வருவதற்கு முன்பே எச்சில் விட ஆரம்பித்தன. தட்டைப் பார்த்தால் ஊறியது, தினமும் உணவு கொண்டுவரும் ஆளின் காலடிச் சத்தம் கேட்டாலே ஊறியது. இன்னொருவராக இருந்தால் இதை அளவீட்டைக் கெடுக்கும் கோளாறு என்று ஒதுக்கியிருப்பார். பாவ்லோவ் செரிமானத்தை விட்டுவிட்டு இந்தக் கோளாறின் பின்னாலேயே போனார். மீதி வாழ்நாள் முழுக்க அதிலேயே கழிந்தது.

பாவ்லோவ் என்றதும் எல்லோருக்கும் மணி நினைவுக்கு வரும். அவருடைய ஆய்வகத்தில் மணியைவிட மெட்ரோனோம் (இசைப் பயிற்சியில் தாளம் பிசகாமலிருக்க டிக் டிக் என்று அடிக்கும் கருவி), பஸ்ஸர், விளக்கு, தோலின் மீது ஒரு தொடுகை போன்றவைதான் அதிகம் புழங்கின. எதுவானாலும் வழி ஒன்றுதான். மெட்ரோனோம் டிக் டிக் என்று அடிக்கும், சில நொடிகளில் உணவு வரும். திரும்பத் திரும்ப இப்படி நடந்தபின் டிக் டிக் மட்டும் கேட்டாலே எச்சில் ஊறும்.

இங்கே நாலு கலைச்சொற்கள் வரும், பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். உணவு இயற்கையான தூண்டல், அதற்கு ஊறும் எச்சில் இயற்கையான துலங்கல். மெட்ரோனோம் தொடக்கத்தில் வெறும் சத்தம், எச்சிலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. உணவோடு சேர்ந்து பழகியபின் அது ஆக்கநிலையுறுத்திய தூண்டல் ஆகிவிடுகிறது. அதைக் கேட்டு ஊறும் எச்சில் ஆக்கநிலையுறுத்திய துலங்கல். என் கதையில் தூக்கம் கலையும் அதிர்ச்சிதான் உணவு, புல்லாங்குழல்தான் மெட்ரோனோம்.

கற்றது அந்த ஒரு சத்தத்தோடு நிற்பதில்லை. குறிப்பிட்ட ஒரு சுதிக்குப் பழகிய நாய், அதற்குப் பக்கத்துச் சுதிக்கும் கொஞ்சம் எச்சில் விடும். இதைப் பொதுமைப்படுத்தல் என்பார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நாம் சொல்வதும் இதையேதான். 1920-இல் ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் அமெரிக்காவில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், இதை ஒரு கைக்குழந்தையிடம் சோதித்தார்கள். ஆல்பர்ட் என்று அவர்கள் பெயரிட்ட அந்தக் குழந்தைக்கு அப்போது வயது சுமார் 11 மாதம். வெள்ளை எலியைக் கண்டு அது முதலில் பயப்படவில்லை, ஆசையாகக் கை நீட்டியது. கை நீட்டும்போது அதன் முதுகுக்குப் பின்னால் ஓர் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சில முறை இப்படிச் செய்ததும் எலியைக் கண்டாலே குழந்தை அழுதது, அப்புறம் முயலைக் கண்டும் நாயைக் கண்டும் ரோமக் கோட்டைக் கண்டும் கலங்கியது. அந்தப் பயத்தைப் போக்காமலேயே குழந்தையை அனுப்பியும் விட்டார்கள். உளவியல் பாடங்களில் இதை ஒரு மைல்கல்லாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஒரே ஒரு குழந்தை, பயத்தை அளக்கச் சரியான அளவுகோலும் கிடையாது. அறிவியலாகப் பார்த்தாலும் பலவீனமான சோதனை, மனிதத் தன்மையோடு பார்த்தால் செய்யவே கூடாத ஒன்று. இன்று எந்த ஆய்வு நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது.

இதுவரை சொன்னதைக் கேட்டால், இரண்டு விஷயங்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும் என்று தோன்றும். பல அறிமுக நூல்கள் அந்த இடத்திலேயே நின்றும்விடுகின்றன. எனக்கு இந்தத் துறை மீது காதல் வந்ததே அதற்கு அடுத்த கட்டத்தில்தான்.

1968-இல் ராபர்ட் ரெஸ்கோர்லா எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். சத்தம் கேட்கும் நேரத்தில் சில முறை லேசான மின்னதிர்ச்சி வரும். ஒரு கூட்டம் எலிகளுக்குச் சத்தத்தின்போது மட்டுமே அதிர்ச்சி. இன்னொரு கூட்டத்துக்குச் சத்தத்தின்போது அதே அளவு அதிர்ச்சி, சத்தம் இல்லாத நேரத்திலும் அதே வீதத்தில் அதிர்ச்சி. இரண்டு கூட்டத்துக்கும் சத்தமும் அதிர்ச்சியும் ஒன்றாக வந்தது சம அளவில்தான். பசைக் கணக்குப்படி இரண்டுமே சத்தத்துக்குப் பயந்திருக்க வேண்டும். முதல் கூட்டம்தான் பயந்தது, இரண்டாவது கூட்டம் சத்தத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. காரணம் எளிது. இரண்டாவது கூட்டத்துக்கு அந்தச் சத்தம் எந்தத் துப்பும் தரவில்லை. அது கேட்டாலும் அடி, கேட்காவிட்டாலும் அடி.

லியான் கேமின் செய்த சோதனை இன்னும் அழகானது. சத்தம் வந்தால் அதிர்ச்சி வரும் என்று முதலில் எலிக்குப் பழக்கிவிட்டார். பிறகு சத்தத்தோடு ஒரு விளக்கையும் சேர்த்துப் போட்டு, அதே அதிர்ச்சியைக் கொடுத்தார். இப்போது விளக்கும் அதிர்ச்சியும் பலமுறை சேர்ந்தே வந்தாயிற்று. ஆனால் விளக்கைத் தனியாகப் போட்டபோது எலி ஏறக்குறைய பயப்படவே இல்லை. அதிர்ச்சி வரப்போவதைத்தான் சத்தம் ஏற்கனவே சொல்லிவிட்டதே, விளக்கு புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? எதிர்பார்த்ததே நடந்தால் கற்க ஒன்றுமில்லை. எதிர்பார்ப்பு பொய்க்கும்போதுதான் கற்றல் நடக்கிறது. 1972-இல் ரெஸ்கோர்லாவும் ஆலன் வாக்னரும் இதை ஒரு சிறிய சமன்பாடாகவே எழுதிவிட்டார்கள்.

பிற்பாடு வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களின் துடிப்பை நேரடியாகப் பதிவு செய்தபோது அங்கேயும் இதே கணக்கு தெரிந்தது. எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழரசம் கிடைத்தால் அந்த அணுக்கள் படபடவென்று துடிக்கும். விளக்கு எரிந்தால் பழரசம் வரும் என்று குரங்கு கற்றபின், அந்தத் துடிப்பு விளக்குக்கு மாறிவிடும், பழரசம் வரும் நேரத்தில் அமைதியாக இருக்கும். விளக்கு எரிந்தும் பழரசம் வராவிட்டால், வரவேண்டிய சரியான நொடியில் துடிப்பு வழக்கத்தைவிடக் குறையும். ஏமாற்றத்துக்கு மூளை போடும் கையெழுத்து என்று அதைச் சொல்லலாம்.

ஆக, உடம்பு நாள் முழுக்க அடுத்து என்ன வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தக் கணக்கில் எல்லாமே சமம் என்றும் இல்லை. ஜான் கார்சியாவும் ராபர்ட் கெல்லிங்கும் 1966-இல் வெளியிட்ட ஆய்வில், சுவைக்கும் குமட்டலுக்கும் உள்ள முடிச்சை எலிகள் எளிதில் போட்டன. ஒளியோடும் சத்தத்தோடும் குமட்டலை முடிச்சுப் போடவில்லை. மின்னதிர்ச்சி என்று வந்தால் அப்படியே தலைகீழ்: ஒளி, சத்தத்தோடு முடிச்சு விழுந்தது, சுவையோடு விழவில்லை. சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்துக் குமட்டல் வந்தாலும், ஒரே ஒரு தடவை நடந்தாலும் போதும், அந்தச் சுவை ஆயுசுக்கும் வெறுத்துப்போகலாம். விஷத்தைக் கண்டுபிடிக்க நாக்கைவிட நல்ல காவலாளி எலிக்கு வேறு இல்லை. நமக்கும் அப்படித்தான். சிறு வயதில் ஏதோ ஒன்றைச் சாப்பிட்ட இரவில் காய்ச்சலும் வாந்தியும் வந்திருக்கும், காரணம் அந்த உணவே இல்லை என்று தெரிந்தபின்னும் இன்றுவரை அதன் மணம் பிடிக்காது.

முன்கூட்டிக் கணக்குப் போடும் இந்தப் பழக்கம் உயிர் சம்பந்தப்பட்ட இடங்களிலும் வேலை செய்கிறது. ஷெப்பர்டு சீகலும் உடன் ஆய்வாளர்களும் 1982-இல் வெளியிட்ட ஆய்வு இது. ஹெராயினுக்குப் பழகிய எலிகளுக்கு ஒரு பெரிய அளவு கொடுத்தார்கள். வழக்கமாக மருந்து ஏற்றும் அறையில் கொடுத்தபோது 32 விழுக்காடு எலிகள் இறந்தன. பழக்கமில்லாத அறையில் அதே அளவைக் கொடுத்தபோது 64 விழுக்காடு இறந்தன. பழகிய அறையின் தோற்றமும் மணமும் ‘மருந்து வரப்போகிறது’ என்று உடம்புக்கு முன்தகவல் தருகின்றன, உடம்பும் எதிர்த்துச் சமாளிக்கத் தயாராகிறது. புதிய இடத்தில் அந்த முன்தகவல் இல்லை. போதையிலிருந்து மீண்டு பல மாதம் ஆனவருக்கு, பழைய தெருமுனைக்குப் போனதும் அடக்க முடியாத வேட்கை வருவதிலும் இதன் பங்கு உண்டு. மன உறுதி இல்லாதவர் என்று அவரை எடுத்த எடுப்பில் ஏசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தத் தெருமுனையில் அவருடைய உடம்பு பழைய கணக்கை மறுபடி எடுத்துப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

சரி, இதுவரை பார்த்ததில் நாய் எதையும் செய்யவில்லை, எச்சில் தானாக ஊறியது. இன்னொரு வகை இருக்கிறது: நாம் ஒன்றைச் செய்கிறோம், அதற்கு ஒரு விளைவு வருகிறது, அந்த விளைவைப் பொறுத்து மறுபடி செய்கிறோம் அல்லது விடுகிறோம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையில் சேராது என்பது இந்த வகை. இதைச் செயல்வழி ஆக்கநிலையுறுத்தல் எனலாம். எட்வர்ட் தார்ண்டைக் 1898-இலேயே பூனைகளைக் கூண்டில் அடைத்து, தாழ்ப்பாளைத் திறந்து வெளியே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்தார். பூனை பிறாண்டும், கடிக்கும், எகிறும், தற்செயலாகத் தாழ்ப்பாளைத் தட்டிவிடும். திரும்பத் திரும்ப அடைத்தபோது வீண் முயற்சிகள் மெல்ல உதிர்ந்து, நேரம் குறைந்துகொண்டே வந்தது. முயன்று தவறிக் கற்றல் என்று பள்ளியில் படித்திருப்பீர்களே, அது இதுதான். பி. எஃப். ஸ்கின்னர் இதை ஒரு துறையாகவே வளர்த்தெடுத்தார்.

இதில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு காட்சியோடு சொல்கிறேன். கடையில் பணம் கட்டும் வரிசையில் ஓர் அம்மாவும் மூன்று வயதுப் பையனும் நிற்கிறார்கள். கையெட்டும் உயரத்தில் மிட்டாய்கள் அடுக்கியிருக்கின்றன.

“அம்மா, அது வேணும்.”

“வேண்டாம் கண்ணு. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.”

பையன் சிணுங்குகிறான். அம்மா பார்வையைத் திருப்பிக்கொள்கிறார். சிணுங்கல் அழுகையாகிறது, அழுகை அலறலாகிறது, பையன் தரையில் உட்கார்ந்துவிடுகிறான். வரிசையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அம்மாவின் காது சிவந்துபோகிறது. “சரி சரி, இந்தா, வாயை மூடு.” அலறல் அந்த நொடியே நிற்கிறது.

பையன் கற்றது தெரிகிறது: கத்தினால் மிட்டாய். செயலுக்குப் பின் விரும்பிய ஒன்று வந்து சேர்ந்து, அந்தச் செயலைப் பலப்படுத்துகிறது. இது நேர்மறை வலுவூட்டல். ஆனால் அங்கே இன்னொருவரும் கற்றிருக்கிறார். மிட்டாயைக் கொடுத்தால் அலறலும் அவமானமும் நொடியில் நிற்கும் என்று அம்மா கற்றுவிட்டார். வேண்டாத ஒன்று விலகியதால் அவருடைய செயல் பலப்படுகிறது. இதுதான் எதிர்மறை வலுவூட்டல். எதிர்மறை என்ற சொல்லைப் பார்த்துத் தண்டனை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள், ஆசிரியர்கள்கூட. இங்கே நேர், எதிர் என்பது கூட்டல், கழித்தல் மாதிரி. வலுவூட்டல் எதுவானாலும் செயல் பெருகும், தண்டனை என்றால் செயல் குறையும். காரில் பெல்ட் போடும்வரை பீப் பீப் என்று கத்துவதும், போட்டதும் நிற்பதும் எதிர்மறை வலுவூட்டல்தான். யாரும் அங்கே தண்டிக்கப்படவில்லை.

தண்டனையைப் பற்றி ஒன்றே ஒன்று. அது எதைச் செய்யக்கூடாது என்று மட்டும்தான் சொல்லும், பதிலுக்கு எதைச் செய்வது என்று சொல்லாது. அடிப்பவரையும் அடி விழும் இடத்தையும் கண்டு அஞ்சும் பாவ்லோவ் வகைப் பயம் வேறு இலவசமாகச் சேர்ந்துவிடும். கணக்குப் பாடத்தில் அடி வாங்கிய குழந்தை கணக்கையே வெறுப்பது அப்படித்தான்.

கடைக்குத் திரும்புவோம். அடுத்த வாரத்திலிருந்து அந்த அம்மா உறுதியாக இருக்க முடிவு செய்கிறார். நாலு தடவை கொடுக்கவில்லை. ஐந்தாவது தடவை, உடம்பு முடியாத ஒரு நாளில், கொடுத்துவிடுகிறார். அதன்பின் எப்போதாவது ஒரு முறை. அழுகை குறையும் என்று நினைக்கிறோம், முன்பைவிட வைராக்கியமான அழுகை வருகிறது. ஏன் என்பதற்கான விடை ஸ்கின்னருக்குத் தீனித் தட்டுப்பாட்டில் கிடைத்தது. எலிகளுக்கான தீனி உருண்டைகளை அவரே கையால் செய்துகொண்டிருந்த காலம் அது. ஒரு சனிக்கிழமை பிற்பகல் கணக்குப் பார்த்தபோது, கைவசம் உள்ள உருண்டைகள் திங்கட்கிழமை காலைக்குள் தீர்ந்துவிடும் என்று தெரிந்தது. மாலை முழுக்க உருண்டை செய்ய மனமில்லை. எலி நெம்புகோலை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் தீனி தர வேண்டுமா என்ன, நிமிடத்துக்கு ஒன்று போதாதா என்று மாற்றிப் பார்த்தார். எலிகள் சோர்ந்துபோகவில்லை, நிதானமாக அழுத்திக்கொண்டே இருந்தன. அந்தப் பாதையில் சென்று 1957-இல் சார்லஸ் ஃபெர்ஸ்டருடன் சேர்ந்து ஒரு பெரிய நூலே வெளியிட்டார். எப்போதாவது மட்டும் பலன் கிடைத்த பழக்கம், ஒவ்வொரு தடவையும் பலன் கிடைத்த பழக்கத்தைவிட விடாப்பிடியாக நிற்கும். அதிலும் எத்தனையாவது முயற்சியில் கிடைக்கும் என்று தெரியாதபடி வைத்தால், கை ஓயாமல் வேலை செய்யும். சூதாட்ட இயந்திரம் அப்படித்தான் ஓடுகிறது. நல்லது ஏதாவது வந்திருக்குமா என்று கைபேசித் திரையைக் கீழே இழுத்து இழுத்துப் பார்க்கும் நம் கட்டைவிரலும் கிட்டத்தட்ட அந்த நெம்புகோலின் மேல்தான் இருக்கிறது. இனி கடை வரிசையில் அலறும் குழந்தையைப் பார்த்தால் பிடிவாதக்காரன் என்று பட்டம் கட்டாதீர்கள். அவனுக்குக் கிடைத்த பயிற்சி அப்படி.

பலனை முழுக்க நிறுத்தினால் பழக்கம் மெல்ல ஓயும், இதை அணைதல் எனலாம். ஓயும் முன் ஒரு வேகம் எடுக்கும். அணையப் போகிற விளக்கு பிரகாசமாக எரியும் என்பார்களே, அதேதான். மிட்டாய் இல்லை என்று தீர்மானமான முதல் சில நாட்களில் அலறல் கூடத்தான் செய்யும். ‘இந்த வழி பலிக்கவில்லை’ என்று பெற்றோர் கைவிடுவது பெரும்பாலும் அந்த உச்சத்தில்தான், அங்கே கொடுத்துவிட்டால் உச்சக் கத்தலுக்குத்தான் பலன் என்று குழந்தை கற்கும்.

பாவ்லோவின் நாய்களிடமும் இது நடந்தது. மெட்ரோனோம் அடித்தும் உணவு வராமல் போகப் போக எச்சில் வற்றியது. எல்லாம் மறந்துபோயிற்று என்று தோன்றும். கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி மெட்ரோனோமைப் போட்டால் எச்சில் திரும்பி வந்தது. பழைய கணக்கு அழியவில்லை, நீறுபூத்த நெருப்பாக உள்ளே இருந்தது. அதன் மேல் ‘இங்கே, இப்போது உணவு வராது’ என்ற புதிய கணக்கு எழுதப்பட்டிருந்தது. புதியதுக்கு இடமும் சூழலும் ரொம்ப முக்கியம். ஓர் அறையில் அணைந்த பயம் வேறோர் அறையில் தலைதூக்கும் என்பதை மார்க் பூட்டன் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். பயங்களுக்குச் சிகிச்சை தருபவர்கள், பயத்தை ஒரே அறையில் வைத்து எதிர்கொள்ளச் செய்யாமல் பல இடங்களில் பழக்க முயல்வது இதனால்தான்.

அந்தச் சிகிச்சைக்கு ஒரு நல்ல தொடக்கம் உண்டு. மேரி கவர் ஜோன்ஸ் 1924-இல் எழுதிய அறிக்கையில் பீட்டர் என்று ஒரு சிறுவன் வருகிறான், ஏறக்குறைய மூன்று வயது. முயலைக் கண்டால் நடுங்குவான். அவனுக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கூண்டில் முயலை அறையின் அந்தக் கோடியில் வைத்தார்கள். அவன் கலங்காத தூரம்வரை மட்டும். அப்புறம் கொஞ்சம் கிட்டே, இன்னும் கொஞ்சம் கிட்டே. அவசரமே இல்லை. கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக்கொடுத்தான். ஆல்பர்ட்டுக்கு யாரும் செய்யாததை, நாலே வருடத்தில் ஒருவர் இன்னொரு குழந்தைக்குச் செய்துகாட்டினார்.

என் புல்லாங்குழலையும் நான் அப்படித்தான் மீட்டேன். அலாரத்தை வேறு சத்தத்துக்கு மாற்றினேன். மாலை நேரங்களில், பால்கனியில் கால் நீட்டி உட்கார்ந்து, முதலில் மிகச் சன்னமாக வைத்து அந்த இசையைக் கேட்டேன். ஒரு மாதத்துக்குள் வயிறு இறுகுவது நின்றது, இசை மறுபடி இசையாகக் கேட்டது. போன வருடம் ஒரு பயணத்தில், தங்கியிருந்த விடுதியின் பக்கத்து அறையில் யாரோ அதையே அலாரமாக வைத்திருந்தார்கள். அறை இருட்டு. மணி என்னவென்று தெரியவில்லை. முதல் இரண்டு சுரம்தான் கேட்டிருக்கும், என் வலது கை தலையணைக்குப் பக்கத்தில் துழாவிக்கொண்டிருந்தது.